கேட்டுக்கொண்டிருப்பவள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓர் உரையில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன போர்த்துக்கீசிய எழுத்தாளர் அந்தோனியோ லோபோ அந்தூனெஸின் ‘தி லேண்ட் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். போர்ச்சுகல் தன் காலனியான அங்கோலாவில் நடத்திய போரிலிருந்து திரும்பிய மருத்துவன் ஒருவன் லிஸ்பன் மதுக்கடையில் சந்தித்த பெண்ணிடம் விடியும்வரை பேசுகிறான். படித்து முடித்து வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் கேள்வி இதுதான்: அவன் ஆக்கிரமிப்புப் படையில் போனவன். அவனுக்காக நான் வருந்துவது சரியா? அங்கோலா மக்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? அப்புறம், அரைப் பக்கத்துக்கு நீளும் வாக்கியங்கள் மூச்சுமுட்ட வைத்தன. அந்தப் பெண் பாத்திரமும் தேவையில்லை என்று பட்டது. அவள் பேசி ஒரு வரிகூட இல்லை. எடுத்துவிட்டால் நாவல் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். மறக்கப்பட்ட போர்வீரர்களைப் பற்றி இதுபோல வேறு நாவல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

லோபோ அந்தூனெஸை எடுத்துப் பாதியில் மூடிவைக்காமல் முடித்திருக்கிறீர்கள், அதற்கே சந்தோஷம். நீள வாக்கியங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரவெல்லாம் குடித்துக்கொண்டே பேசுகிறவன் முற்றுப்புள்ளி வைத்துப் பேசமாட்டான். பழகிக்கொள்ளுங்கள்.

வருந்தலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வருந்துங்கள், அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஆனால் அவன் உங்களிடம் இரக்கம் கேட்கவில்லையே. ‘எஸ்’ என்ற அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். அதில் மட்டும் அவன் மதுக்கடைப் பெண்ணை விட்டுவிட்டு சோஃபியாவிடம் பேசுகிறான். அவனுக்குத் துணி துவைத்தவள், அந்த நரகத்தில் அவனுக்குக் கொஞ்சம் சிரிப்பைக் கொடுத்தவள். ரகசியப் போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போகிறது. அவள் திரும்பி வரவில்லை. இவன் வாயைத் திறக்கவில்லை. மருத்துவன், படித்தவன், அதிகாரி, எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அங்கோலா மக்களுக்கு யார் துரோகம் செய்தார்கள் என்பதை அவனே அந்த அத்தியாயத்தில் சொல்லிவிட்டான். நீங்கள் அதற்கு மேல் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அந்தப் பெண்ணை எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்ததே அவளைப் பற்றித்தான். அவள் பேசவே இல்லையா? பேசுகிறாள். அவன் சொல்லும் பதில்களிலிருந்து அவள் என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. அவளுடைய சொல் நம் காதுக்கு வந்து சேருவதில்லை, அவ்வளவுதான். அவன் ஏன் இதை மனைவியிடம் சொல்லவில்லை, நண்பனிடம் சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்கிறான் என்று ஒரு நிமிடம்கூட உங்களுக்குத் தோன்றவில்லையா?

போர்ச்சுகலில் அதைக் கேட்க ஆள் இல்லை. 1961 முதல் 1974 வரை அங்கோலா, கினி (இன்றைய கினி-பிசாவ்), மொசாம்பிக் என்று விடுதலை கேட்ட மூன்று காலனிகளில் போர். ஒரு கோடிப் பேர்கூட இல்லாத நாட்டிலிருந்து சுமார் 8 லட்சம் இளைஞர்களைக் கப்பலேற்றினார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். மற்றவர்கள் வந்தார்கள். தோற்று உயிரோடு வருகிறவனுக்கு அந்த நாட்டில் என்ன மரியாதை என்பது முதல் வருஷமே, அப்போது அவர்கள் வசமிருந்த கோவாவில் தெரிந்துபோன சங்கதி. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தபோது, கடைசி ஆள் சாகும்வரை போராடச் சொல்லி லிஸ்பனிலிருந்து சர்வாதிகாரி சலசார் உத்தரவு போட்டார். ஆளுநர் வசாலோ எ சில்வா வீணாகப் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க மனமில்லாமல் சரணடைந்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சில மாதம் இங்கே கைதிகளாக இருந்துவிட்டு 1962இல் ஊர் திரும்பினார்கள். ஆரத்தி எடுக்க யாரும் வரவில்லை, கோழைகள் என்ற பெயர்தான் மிச்சம். ஆளுநரை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள்.

சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சி வந்தபோதாவது பேசியிருக்கலாம். அதில்தான் பெரிய சிக்கல். புரட்சியைச் செய்ததே அந்தப் போரில் இருந்து சலித்துப்போன கேப்டன்கள். துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகிய படத்தை உலகமே பார்த்தது. அந்தப் படத்துக்குள் கிராமத்தைக் கொளுத்திவிட்டு வந்தவனை எங்கே நிறுத்துவது? இடதுசாரிகளுக்கு அந்தப் போர் குற்றம், வலதுசாரிகளுக்கு அவமானம். அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே குடியேறியிருந்த போர்த்துக்கீசியர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு அவர்கள் பாடு. போர் மனதில் உண்டாக்கும் நோயையும் ஊனமாகக் கணக்கிடலாம் என்று சட்டம் வந்தது 1999இல். அதற்குள் இருபது வயதில் போனவர்களில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முன்னாள் வீரர்களுக்கென்று தனிச் சட்டம் வர 2020 ஆயிற்று. அதில் அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதியும் உண்டு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆகவேதான் இந்த நாவல்களில் எவனாவது ஒருவன் எவரையாவது பிடித்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். லோபோ அந்தூனெஸின் ‘ஃபாதோ அலெக்சாந்த்ரீனோ’விலும் அதேதான். மொசாம்பிக்கிலிருந்து திரும்பிப் பத்து வருஷம் கழித்துப் பழைய படைக்காரர்கள் ஒரு விருந்தில் கூடுகிறார்கள். ‘கேப்டன், கேப்டன்’ என்று ஒருவரிடமே சொல்லித் தீர்க்கிறார்கள். எழுதியவர் மனநல மருத்துவர். 1971 முதல் 1973 வரை அங்கோலாவில் படை மருத்துவராக இருந்தவர். கேட்பவரை எங்கே உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்கா தெரியாது?

லிஸ்பனில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் கினியில் போரிட்டவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள் தானாகவே ஆரம்பித்தார். அவருடைய மருமகன் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். சேறு, கொசு, கண்ணிவெடி, கால் போன நண்பன். பெரியவரின் மனைவி ஆரஞ்சு உரித்து எல்லோருக்கும் வைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் எழுந்து கழிப்பறைக்குப் போன நேரத்தில் அந்த அம்மா மருமகனைப் பார்த்து ஏதோ சொன்னார். “என்னிடம் இதில் ஒன்றுகூடச் சொன்னதில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் சொல்வார்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் தூக்கத்தில் கணவர் இந்த அம்மாவின் கழுத்தைப் பிடித்ததையும், அதிலிருந்து தனி அறையில் படுப்பதையும் அப்படியே சிரித்துக்கொண்டே சொன்னார். மருமகனுக்கே அது தெரியாது போலிருக்கிறது. எனக்குச் சொல்வதற்கு அவர் தடுமாறினார். பெரியவர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்கு அப்புறம் அவர் கதையில் மனம் போகவில்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு நாவல் உண்டு, லிதியா ஜோர்ஜ் எழுதியது. 1988இல் வந்த ‘முணுமுணுப்புகளின் கரை’. ஆங்கிலத்தில் ‘தி மர்மரிங் கோஸ்ட்’ என்று கிடைக்கும். லிதியா ஜோர்ஜ் போர்க்காலத்தில் அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் ஆசிரியையாக இருந்தவர். முதலில் அழகான சிறுகதை ஒன்று வருகிறது: மொசாம்பிக்கில் ஒரு ராணுவக் கல்யாணம், கடலோர ஹோட்டல், நடனம், வெட்டுக்கிளிகள். அது முடிந்ததும், இருபது வருஷம் கழித்து, அதில் மணப்பெண்ணாக இருந்தவள் அந்தக் கதையை எடுத்துவைத்துக்கொண்டு நடந்தது என்ன என்று சொல்லத் தொடங்குகிறாள். அவள் கல்யாணம் செய்துகொள்ள வந்தவன் கணிதம் படித்துக்கொண்டிருந்த பையன். போர் அவனை என்ன செய்தது என்று அவன் வாயால் அவள் கேட்கவில்லை. அவனுடைய கேப்டனின் மனைவி ஒளித்துவைத்திருந்த புகைப்படங்களை எடுத்துக் காட்டுகிறாள். ஒன்றில் அவன் குடிசைக் கூரைமேல் நிற்கிறான், கையில் ஒரு கோல், அதன் முனையில் ஒரு மனிதத் தலை.

இந்த இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படிக்காமல் ‘மறக்கப்பட்ட வீரர்கள்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். அந்தச் சொல்லே எனக்கு உறுத்துகிறது. மறந்ததைப் பற்றிப் பேசுவதென்றால் போர்த்துக்கீசியச் சீருடை போட்ட கறுப்பினத்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். போரின் கடைசிக் காலத்தில் மொசாம்பிக்கில் படையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். கினியின் ஆப்பிரிக்கக் கமாண்டோக்களை லிஸ்பன் அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறியது. சுதந்திரம் வந்தபின் அவர்களில் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1980இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோதுதான் புதைகுழிகள் வெளியே தெரிந்தன. அவர்களில் யாரும் எந்த மதுக்கடையிலும் விடியும்வரை உட்கார்ந்து பேசியதாக நான் படித்ததில்லை.

எதிர்ப்பக்கம் வேண்டுமானால் அங்கோலா எழுத்தாளர் பெபெதெலாவின் ‘மயோம்பே’. அவர் அங்கோலாவின் கபிந்தா பகுதியில் விடுதலைப் போராட்டக் கெரில்லாவாக இருந்தபோது 1971இல் எழுதியது, வெளிவந்தது 1980இல். போராளிகள் ஒவ்வொருவராக வந்து ‘கதைசொல்லியாகிய நான்’ என்று ஆரம்பித்துத் தன் பங்கைச் சொல்கிறார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். உங்கள் துரோகக் கேள்விக்கு அங்கே நிறையத் தீனி கிடைக்கும். ஆனால் முதலில் லிதியா ஜோர்ஜ். படித்துவிட்டு எழுதுங்கள், இந்த முறை கணவனைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி.