அக்காவிடம் கேளுங்கள்: தஞ்சாவூருக்குத் தனியே நாலு நாள்

கேள்வி: அக்கா, எனக்கு 53 வயது. தருமபுரம் பக்கம் இருக்கிறோம். மூன்று பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், கடைசி மகளும் போன வருடம் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். அவருக்கு வயல், எனக்கு மாடும் கோழியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தஞ்சைப் பெரியகோயில் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு தடவை அங்கே போய் நிற்கவேண்டும் என்று ஆசை. அவர் வயலை விட்டு வரமாட்டார். நான் மட்டும் போய்வரட்டுமா என்று கேட்டதற்குப் போ என்றுதான் சொன்னார். ஆனால் மாமியும் மச்சாளும் "இந்த வயதில் தனியே இந்தியாவுக்கோ" என்கிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். போகலாமா? போனால் எப்படி?
- ஒரு அம்மா, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: போங்கள் தங்கச்சி. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். போகாமல் இருப்பதற்கு அதில் ஒரு காரணமும் இல்லை.

மாமியின் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் வயதுப் பெண்கள் வன்னியில் எத்தனை தடவை ஊர்விட்டு ஊர் போயிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், தருமபுரத்திலிருந்து விசுவமடு, அங்கிருந்து உடையார்கட்டு, பிறகு மாத்தளன், கடைசியில் மெனிக் பாம் முகாம் என்று சனம் நடந்தபோது, பிள்ளைகளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு தனியே நடந்த பெண்கள் எத்தனை பேர். அப்போது ஒருவரும் "தனியேயோ" என்று கேட்கவில்லை. என்றைக்குப் போவது, என்றைக்குத் திரும்புவது, பையில் என்ன வைப்பது என்று நீங்களே முடிவெடுத்துப் போகும் பயணம் இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காகவே போகவேண்டும். மாமியிடம் இதைச் சண்டைக்குச் சொல்லவேண்டாம், ஆறுதலாகச் சொல்லுங்கள். அவரும் அந்தப் பாதையில் நடந்தவராகத்தான் இருப்பார்.

சரி, எப்படிப் போவது. கொழும்புக்கு அலையத் தேவையில்லை. பலாலியிலிருந்து திருச்சிக்கு 2025 மார்ச் முடிவில் நேரடி விமானம் தொடங்கியது, ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பறப்பு. பலாலியிலிருந்து சென்னைக்கும் விமானம் உண்டு, ஆனால் தஞ்சாவூர் போகிறவருக்குத் திருச்சிதான் வசதி. அங்கிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீற்றருக்குள்தான், பஸ்ஸும் ரயிலும் நாள் முழுக்க ஓடுகின்றன. கடவுச்சீட்டு இல்லை என்றால் வவுனியா அலுவலகத்தில் எடுக்கலாம். இருந்தால் அதில் ஆறு மாதத்துக்கு மேல் தவணை இருக்கிறதா என்று பாருங்கள். விசா இணையத்திலேயே எடுக்கலாம், மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்து நிரப்புங்கள். பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும், அந்த இடத்தில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். விமானத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தரப்பட்டுப் போடாமல் நேரத்தோடு போடுங்கள்.

தங்குமிடம் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். நான் தனியே போனபோது எனக்கு 58 வயது. போனில் அறை பதிந்துவிட்டுப் போய் இறங்கினால், கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு "வெளிநாட்டுக்காரருக்கு அறை தரமாட்டோம்" என்றார்கள். இரவு எட்டு மணி, பெட்டியோடு வாசலில் நிற்கிறேன், கண் கலங்கிவிட்டது. அங்கே வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் ஒரு நாளுக்குள் விவரத்தைப் பதிந்து அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டும், சின்ன விடுதிகள் சில அந்த வேலைக்குப் பயந்தே மறுத்துவிடுகின்றன. தமிழ் கதைத்தாலும் கடவுச்சீட்டில் நாம் வெளிநாட்டவர்தான். என்னை ஏற்றிவந்த ஓட்டோத் தம்பி அசையாமல் நின்று, இன்னொரு விடுதிக்குத் தானே போன் பண்ணிக் கேட்டு, கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் போனார். நீங்கள் பதியும்போதே "இலங்கைக் கடவுச்சீட்டு, பெண் ஒருவர்" என்று சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெளிச்சத்தோடு போய்ச் சேரப் பாருங்கள்.

காசை விமான நிலையத்திலேயே கொஞ்சம் மாற்றிக்கொண்டு, தாளாகக் கையில் வைத்திருங்கள். அங்கே தேத்தண்ணிக் கடையிலும் போனைக் காட்டித்தான் காசு கட்டுகிறார்கள், நமக்கு அது சரிவராது. கதைப்பது அவர்களுக்கு விளங்கும், ஆனால் "பின்னேரம்" என்றால் யோசிப்பார்கள், "சாயங்காலம்" என்று சொல்லுங்கள். இரண்டு வசனம் கதைத்ததும் "நீங்க சிலோனா" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் அன்பாகத்தான் இருப்பார்கள்.

எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐப்பசிச் சதயம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரம், கோயிலில் பெரிய விழா நடக்கும். ஆனால் அது நமக்குக் காலபோக விதைப்பு நேரம், மழையும் தொடங்கிவிடும். மாட்டுப்பொங்கல் அன்று பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், பலகாரம் எல்லாம் சாத்தி அலங்கரிப்பார்கள், பார்க்க வடிவு, ஆனால் அந்தக் கிழமை விடுதிகள் நிறைந்துவிடும். பொங்கல் கழிந்து, கதிர் முற்றி வெட்டுக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு கிழமைதான் உங்களுக்குச் சரி. வெயிலும் கடுமையாக இராது, அவருக்கும் வயலில் உங்கள் கை தேவைப்படாது. மாட்டுக்கு மட்டும் ஆள் பார்த்துவிட்டுப் போங்கள்.

இனிக் கோயில். விடியவே போங்கள், ஆறு மணிபோல. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் பின்னேரம் நாலுக்குத்தான் திறப்பு. மத்தியானக் கல்லில் வெறுங்காலோடு நடக்கவும் ஏலாது. முதலில் கேரளாந்தகன் திருவாசல், பிறகு ராஜராஜன் திருவாசல், அதைத் தாண்டினால் நந்தி, அதற்குப் பின்னால் 216 அடி விமானம், கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தைத்தான் அப்படிச் சொல்வது. ராஜராஜன் அதைக் கட்டி முடித்தது 1010 இல். அதன் நிழல் நிலத்தில் விழாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், விழுகிறது, நானே அந்த நிழலில் அரை மணித்தியாலம் இருந்தேன். அதிசயம் சொல்ல அந்தக் கோயிலுக்குப் பொய் தேவையில்லை. நந்தி நாயக்கர் காலத்தது, பின்பக்கம் இருக்கும் முருகன் கோயிலும் அப்படித்தான். அந்த முருகன் கோயிலின் கல்வேலையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள், மரத்தில் செதுக்கியதுபோல் இருக்கும்.

விமானத்தின் அடியைச் சுற்றி எழுத்து எழுத்தாக வெட்டியிருப்பார்கள். எல்லாரும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நீங்கள் கீழே பாருங்கள். பழைய எழுத்து, வாசிப்பது கடினம், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் வேறு மாதிரி இருக்கும். நாம் கொடுத்ததும், நம் அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொல்கிறான். அக்கன் என்றால் அக்கா குந்தவை. வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 ஆடல் பெண்களின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு பங்கு, ஒரு பங்கென்றால் வருடத்துக்கு நூறு கலம் நெல். அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் வருடம் கழித்தும் பெயர் இருக்கிறது. நம் பக்கத்தில் பெயரெழுதக் கல் இல்லாமல் போனவர்களை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் கொஞ்சநேரம் நின்றேன்.

நீங்கள் மாடு வளர்க்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். ஒரு விளக்கு நாளும் அணையாமல் எரிய ஒரு உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, பசுவென்றால் 48 என்று கணக்குப் போட்டு இடையர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆடு செத்தாலும் குட்டி வருமே, எண்ணிக்கை குறையாது, அதனால் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர்.

ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருமானத்தையும் அந்தக் கோயிலுக்கு எழுதிவைத்திருக்கிறான். அதை அறிந்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, நெருடலும் வந்தது. படை வந்து பிடித்த மண்ணின் விளைச்சல் அது. இரண்டு உணர்ச்சியும் உண்மைதான், இரண்டையும் வைத்துக்கொண்டே கும்பிட்டேன். திரும்பி வந்தபிறகு ஒரு நாள் திருக்கேதீச்சரம் போய்வாருங்கள். அந்த மாதோட்டத்திலும் சோழர் காலத்தில் தாழிகுமரன் என்பவன் ராஜராஜேச்சரம் என்று ஒரு கோயில் எடுப்பித்ததாகக் கல்வெட்டு உண்டு.

இரண்டாம் நாள் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடம். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ரிஷபவாகன தேவர் அங்கே இருக்கிறார், 1011 இல் வார்த்த வெண்கலம். மாட்டின்மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார், ஆனால் மாடு இல்லை, காணாமல் போய்விட்டது. அந்தக் கை இன்னும் மாட்டின் முதுகில்தான் இருக்கிறது என்று தோன்றும். மாட்டோடு புழங்குகிறவருக்கு அந்தச் சாய்வு உடனே பிடிபடும். பக்கத்திலேயே சரசுவதி மகால், சரபோஜி மன்னர் வளர்த்த நூலகம், ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் உள்ள இடம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஓலைகள் ஞாபகம் வந்து எனக்கு அங்கே அதிகநேரம் நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் தாராசுரம் போங்கள், கும்பகோணத்துக்குப் பக்கம், சின்ன கோயில், சனம் குறைவு. நாலாம் நாள் ஒன்றும் வைக்காதீர்கள். பின்னேரம் மறுபடி பெரியகோயில் புல்தரையில் போய் இருங்கள், வெயில் இறங்க இறங்கக் கல் நிறம் மாறும்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. அப்பா இறந்து மூன்று வருடம். தஞ்சாவூர், கும்பகோணம் தனியே போகவேண்டும் என்று நிற்கிறார். நான் ஒரு யாத்திரைக் குழுவோடு அனுப்புகிறேன் என்றால் கோபிக்கிறார். என்ன செய்ய?
- மகன், வவுனியா

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் குழுப் பயணங்களில் ஒரு நாளைக்கு எட்டுக் கோயில், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம், சாப்பாடு நேரத்துக்கு இராது. சீனி வருத்தக்காரருக்கு அதுதான் கூடாது. தனியே போனால் அம்மா பசித்த நேரத்தில் சாப்பிடுவார், களைத்தால் படுப்பார்.

போகுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். குளிசைகளைப் பெயர் தெரிகிற அட்டையோடு, துண்டோடு, கைப்பையில் வைத்துவிடுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். இரண்டு நாளுக்குக் கூடுதலாகவும் வையுங்கள். கடவுச்சீட்டு, விசாப் பிரதிகள் ஒன்று அம்மாவிடம், ஒன்று உங்கள் போனில். இங்கத்தைய சிம்மிலேயே ரோமிங் போட்டுக் கொடுங்கள், அங்கே போய் வெளிநாட்டவர் சிம் எடுக்க அலைச்சல். இரவுப் பஸ் வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், அதனால் இரவு எட்டு மணிக்கு ஒரு அழைப்பு என்று பேசிவைத்துக்கொண்டு அதோடு விடுங்கள். மணிக்கொரு தடவை எடுத்தால் அம்மா கோயிலைப் பார்ப்பாரா உங்களைப் பார்ப்பாரா.

அப்புறம் இன்னொன்று. கூட ஆளில்லாமல் போகவேண்டும் என்று ஏன் நிற்கிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்று பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

கேள்வி: கப்பலில் போகலாமா அக்கா? எனக்குக் கடல் பழக்கம், பிளேன்தான் பயம்.
- முல்லைத்தீவு வாசகி

பதில்: போகலாம். ஒரு காலத்தில் நம் தலைமன்னாரிலிருந்துதான் தனுஷ்கோடிக்குக் கப்பல் போனது, 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி அழிந்தது. இப்போது காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு, 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நாலு மணித்தியாலம். கார்த்திகை, மார்கழிக் காற்றில் நிறுத்திவிடுவார்கள், அதனால் டிக்கெட் எடுத்த பிறகும் புறப்படும் முதல்நாள் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி மாதா பக்கத்திலேயே இருக்கிறார், ஒரு இரவு அங்கே நின்றுவிட்டு விடிய பஸ்ஸில் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் போங்கள்.