ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்: அரிப்புக் களிம்புகள் பற்றிக் கேள்வி பதில்

அரிப்புக்குத் தடவும் ஸ்டீராய்டு களிம்புகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. தோல் மருத்துவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்து நோய் என்னவென்று சொல்ல மாட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில்.

ஈரோடு, நான்கு வயதுக் குழந்தையின் தாய்: மகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா). டாக்டர் ஃப்ளூட்டிகசோன் க்ரீம் எழுதிக்கொடுத்தார். ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். கடுகளவு எடுத்து மூன்று நாள் தடவுகிறேன், குறைந்ததும் நிறுத்திவிடுகிறேன். ஒரு வாரத்தில் திரும்பவும் வருகிறது. மூன்று மாதமாக இதே கதை.

உங்கள் மாமியார் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் பயப்பட வேண்டிய ட்யூப் வேறு, இது வேறு. தோலில் தடவும் ஸ்டீராய்டு 1952 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கரப்பானுக்கு அதன் வேலை நன்றாகத் தெரிந்த வேலை. நோயைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார், குழந்தையின் வயதுக்கு ஏற்ற மருந்துதான். தடவாமல் விட்டால் பாதிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். இரவெல்லாம் சொறியும் குழந்தைக்குத் தூக்கம் போகும், சொறிந்த இடத்தில் சீழ் வைக்கும், தோல் தடித்துப்போகும்.

அளவுக்கு வருவோம். உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். ட்யூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த பெரியவரின் கை இரண்டு எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவு இடத்துக்கு ஒரு கோடு போதும். மகளின் நான்கு மடிப்புகளையும் உங்கள் கையால் மூடிப் பாருங்கள். மொத்தம் இரண்டு கை அளவு வந்தால் நாளுக்கு ஒரு கோடு, ஒரே வேளை. 15 கிராம் ட்யூபில் முப்பது கோடு வரும். கடுகளவு தாளிக்கத்தான் ஆகும், கரப்பானுக்குப் போதாது.

எப்போது நிறுத்துவது? அரிப்பு முதலில் போய்விடும், உள்ளே இருக்கும் அழற்சி பின்னால்தான் போகும். நீங்கள் முதலாவது போனதும் நிறுத்துகிறீர்கள், இரண்டாவது மறுபடி தலைதூக்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைப் போல வழுவழுப்பாக இருந்தால் நிறுத்தலாம். மணல் காகிதம்போல் இருந்தால் வேலை முடியவில்லை. வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் அடங்காவிட்டால் நீங்களாகக் கூட்டாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடமே போங்கள். அடங்கி அடங்கித் திரும்ப வருகிறது என்றால், வழக்கமாக வரும் இடங்களில் மட்டும் வாரம் இரண்டு நாள் தடவும் முறை ஒன்று இருக்கிறது. அதையும் அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஆறிய இடம் கொஞ்சநாள் வெளுத்தோ கறுத்தோ தெரியும். மருந்து தோலை வெளுத்துவிட்டது என்று தாய்மார்கள் அழுதுகொண்டே வருவார்கள். பெரும்பாலும் அது நோய் விட்டுப்போன தடம், மாதக்கணக்கில் மெல்ல மறையும். அந்தத் தடத்தின் மேல் தடவிக்கொண்டே இருக்காதீர்கள்.

சேலம்: மாய்ஸ்சரைசர் முதலில் தடவ வேண்டுமா, ஸ்டீராய்டு முதலிலா?

எது முதலில் ஆனாலும் சரி. நடுவில் கால் மணி நேரம் விடுங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்: தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் நின்றது. நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வந்தது. ஏழு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு ட்யூப் ஆகியிருக்கும்.

தம்பி, இந்தக் கேள்வியை மட்டும் பதினாறு பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வட்டமாகப் படருகிறது, ஓரம் மேடாக இருக்கிறது, நடு ஆறியதுபோல் தெரிகிறது என்றால் முதல் சந்தேகம் படர்தாமரை. அது பூஞ்சை. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுவதால்தான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு போட்டால் சண்டை நிற்கும், பூஞ்சை நிற்காது. காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு வீட்டில் சத்தமில்லை என்று சந்தோஷப்படுவது இது.

இப்படி வருகிறவர்களின் தொடையைப் பார்த்தால் படர்தாமரையின் முகமே மாறியிருக்கும். தெளிவான ஓரம் இருக்காது. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். மழுங்கிய பிளேடால் ஓரத்துச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிளை பிரிந்த நூல்போல் பூஞ்சை இழைகள் தெரியும். ஸ்டீராய்டு தடவியவர்களிடம் அந்த இழைகள் கொத்துக்கொத்தாக இருக்கும். சிலருக்குத் தொடையில் விரல் அகலத்துக்குச் சிவந்த கோடுகள், பிரசவித்த வயிற்றில் வருவதுபோல. அந்தக் கோடுகள் நிறம் மங்கும், முழுதாக மறையாது.

நம் நாட்டில் இப்போது பரவும் ஒரு பூஞ்சைக்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து ‘டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே’ என்று 2020-இல் பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரைக்கு அது பல சமயம் மசிவதில்லை. கடையில் கேட்டு வாங்கும் வைத்தியத்துக்கு மசியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள், வாரக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனி. நன்றாக வெயிலில் காயட்டும்.

நாகர்கோவில், திண்டிவனம், கோவை, இன்னும் ஐந்து பேர்: இந்தப் பெயருள்ள ட்யூப் நல்லதா?

முன்பக்கப் பெயர் எனக்கு வேண்டாம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ‘சோன்’ என்று முடிந்தால் அநேகமாக ஸ்டீராய்டு. குளோபெட்டாசால் என்று இருந்தால் அந்த வகையிலேயே மிக வீரியமானது; மருத்துவர் சொன்னாலும் பொதுவாகத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நியோமைசின் என்ற பாக்டீரியா மருந்து மூன்றும் ஒரே ட்யூபில் இருந்தால் அது எந்த நோய்க்கு என்று விற்றவரைக் கேளுங்கள்.

மதுரை, கல்லூரி மாணவி: தோழி சொன்னாள் என்று எட்டு மாதமாக முகத்துக்கு ஒரு க்ரீம். முதலில் பளிச்சென்று ஆனது. இப்போது ஒருநாள் விட்டாலும் எரிகிறது, வெயிலில் போனால் சிவக்கிறது, கன்னத்தில் முடி வளர்கிறது.

ஸ்டீராய்டுக்குப் பழகிப்போன முகம் என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு. நாடு முழுவதும் 12 மையங்கள். முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அதைச் சொன்னது மருத்துவரே அல்ல. நிறத்துக்காகத் தடவியவர்களும் பருவுக்குத் தடவியவர்களும் அதில் நிறைய.

நிறுத்தினால் எரியும், சிவக்கும், பருவும் கொப்புளமுமாகப் பொங்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் மறுபடி தடவுகிறீர்கள். தனியாகப் போராட வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. குணமாகச் சில மாதங்கள் ஆகும். தோழியையும் கூட்டிப்போங்கள்.

திருநெல்வேலி, மருந்துக்கடை வைத்திருப்பவர்: எல்லாப் பழியும் எங்கள் தலையிலா டாக்டர்? நாங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள். தோல் டாக்டரைப் பார்க்க எங்கள் ஊர்க்காரர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும்.

அண்ணாச்சி, பஸ் விஷயம் உண்மை. அடுத்த கடை வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளுக்கு முன்பு, சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற ஷெட்யூல் ஹெச் விதியிலிருந்து விலக்கு இருந்தது. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், உங்கள் கடைக்கு மாதம் ஒரு ட்யூப் வாங்க வரும் அதே ஆளின் தொடையை ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அதே மருந்துக்கடைக்காரர்: சரி, நூற்றுக்கு 59 பேருக்கு மருத்துவர் சொல்லவில்லை என்றீர்களே. மீதி 41 பேருக்குச் சொன்னது யார்?

(இதற்கு முப்பது பேர் கை தட்டியிருக்கிறார்கள். பார்த்தேன்.)

விருதுநகர்: சரியான கேள்வி. என் அப்பாவுக்குப் படர்தாமரைக்கு அந்த மூன்று மருந்துக் களிம்பை எழுதியவர் டாக்டர்தான். சீட்டு இன்னும் இருக்கிறது.

தஞ்சாவூர், கிராமச் செவிலியர்: சீட்டு ஒரு தடவைக்குத்தான். அதையே வைத்து ஐந்து வருடம் வாங்குகிறார்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். அது யார் தப்பு?

அண்ணாச்சி சொன்னதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மீதி 41 பேருக்குச் சொன்னது எங்கள் ஆட்கள்தான். நோய் எதுவென்று பார்க்க நேரமில்லாதபோது, மூன்றில் ஏதோ ஒன்று கேட்கும் என்று எழுதிக்கொடுப்பது எங்கள் சோம்பல். எத்தனை நாள் என்று எழுதாமல் விடுவது அதைவிட மோசம். செவிலியர் சொன்ன ஐந்து வருடம் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே சீட்டை வாங்கியதும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ஸ்டீராய்டா, எந்த இடத்துக்கு, எத்தனை நாள். பதில் சொல்லக் கோபப்படும் டாக்டரை மாற்றிவிடுங்கள். கூலியைப் பற்றி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கட்டணம் இல்லை. பத்து ட்யூப் வாங்கும் காசு பஸ்ஸுக்குத் தாராளம்.

இந்தச் சண்டையில் பாதி நேரம் போய்விட்டது. மற்றவர்களுக்கு வேகமாக.

கரூர்: வீட்டில் நான்கு பேருக்கும் ராத்திரியானால் அரிப்பு. விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது.

சிரங்காக இருக்கலாம். அது தோலைத் துளைக்கும் சிறு பூச்சியின் வேலை. ஸ்டீராய்டு அதைக் கொல்லாது. நால்வரும் மருத்துவரைப் பாருங்கள். மருந்தை நால்வரும் ஒரே நாளில் போட வேண்டும், அரிக்காதவர் இருந்தால் அவரும்.

வேலூர்: கண் இமையில் தடவலாமா?

நீங்களாகக் கூடாது. அங்கே தோல் மிக மெல்லியது. நாள்பட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

புதுச்சேரி: டயப்பர் போட்ட இடத்தில் சிவந்திருக்கிறது. பெரிய பிள்ளையின் க்ரீமைப் போடலாமா?

கூடாது. டயப்பர் மூடி வைப்பதால் மருந்து பல மடங்கு உள்ளே போகும். இடத்துக்கு இடம் தோல் மாறும். முன்கையைவிட விதைப்பை 42 மடங்கு உறிஞ்சுகிறது என்று 1967-லேயே அளந்திருக்கிறார்கள்.

சென்னை: ஆஸ்துமா இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்கிறதாமே, நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். உங்கள் நுரையீரல் மருத்துவரைக் கேளுங்கள்.

காரைக்குடி: வட்டமாக அரிக்கிறது, இரண்டு நாளில் நின்றுவிடுகிறது, ஆனால்...

திருப்பூர்.

நாமக்கல்: கையில் வட்டமாக...

திருப்பூர்தான்.

ஈரோட்டுத் தாய், மறுபடியும்: ஒன்று கேட்க மறந்துவிட்டேன் டாக்டர். விரல் நுனி அளவு என்றீர்களே, குழந்தையின் விரலா, என் விரலா?

உங்கள் விரல். மாமியார் தடவிவிட்டால் அவர் விரல்.