முதியோர் உதவித்தொகைக்கு கோர்ட் என்ன செய்யும்? மதுரை வக்கீலின் பதில்கள்

திருமங்கலத்திலிருந்து: வக்கீல் சார், 1,200 ரூபாய் எந்த மூலைக்கு? மாதம் 3,000 ஆக்கச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் (அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டால் உத்தரவு கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. அரசியலமைப்பின் 41-வது பிரிவு முதுமையில் அரசு உதவி வேண்டும் என்கிறது, கூடவே அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது. 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம்கூட பென்ஷன் தொகையை மறுபடி பாருங்கள் என்றுதான் சொன்னது. இத்தனை ரூபாய் கொடு என்று சொல்லவில்லை.

மேலூரிலிருந்து: ஐயா, அம்மாவுக்கு நாலு மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால் "நிறுத்தியாச்சு" என்கிறார்கள். காரணம் சொல்லவில்லை.

இதுதான் கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம். எவ்வளவு என்பதில் தயங்குகிற நீதிபதிகள், ஏன் நிறுத்தினாய் என்று கேட்கத் தயங்குவதில்லை. 2001 நவம்பர் 28 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரித் திட்டங்களை உரிமை என்ற இடத்துக்குக் கொண்டுவந்தது. மத்திய அரசின் முதியோர் பென்ஷனை மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கவும் சொன்னது.

சில வருடம் முன்பு ஒரு பாட்டி வந்தார். சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். உதவித்தொகையை நிறுத்திய உத்தரவு அது. காரணம் என்று அதில் இருந்தது இரண்டே சொல்: "மகன் உள்ளார்." மகன் திருப்பூருக்குப் போய் ஒன்பது வருடம், ஒரு போன்கூட இல்லை. யாரும் வீட்டுக்கு வந்து விசாரிக்கவில்லை. ரிட் போட்டோம். அந்த உத்தரவை ரத்து செய்து, பாட்டியை நேரில் விசாரித்து எட்டு வாரத்துக்குள் புதிதாக முடிவெடுக்கச் சொன்னார் நீதிபதி. பணம் வந்தது.

உங்கள் அம்மா முதலில் உதவித்தொகைகளைக் கவனிக்கும் தனி வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுக்கட்டும். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் இல்லையென்றால் கோட்டாட்சியர், அப்புறம்தான் கோர்ட். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒத்தக்கடையில் கோர்ட் வளாகத்திலேயே கேட்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பரங்குன்றம்: என் பென்ஷன் நிலுவை...

அது பணி ஓய்வூதியம் ஐயா, வேறு சட்டம். சர்வீஸ் வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: கேஸ் போட்டால் 2,500 ஆக்குவார்களா?

முதல் பதிலைப் படியுங்கள்.

செல்லூரிலிருந்து: அப்படியென்றால் கோர்ட் எதற்கு சார்? 2011-இல் 1,000 ஆக்கியதை 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆக்கினார்கள். அரிசி விலை பன்னிரண்டு வருடம் சும்மாவா இருந்தது?

நியாயமான கோபம். எனக்கும் இருக்கிறது. 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகையைத் தொடாமலே கோர்ட் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய்? ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் அதைத்தான் கேட்டது. பிழைக்க வழியில்லாதவர்களுக்கு அங்கே அரசு தரும் மாத உதவியில், வயதுவந்தவருக்கு 345 யூரோ, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதில் 60 சதவீதம், 207 என்று வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் கால்குலேட்டரும் வேண்டுமே, அதை எங்கே கணக்கில் எடுத்தீர்கள் என்றது கோர்ட். தொகையை அது எழுதவில்லை. ஆண்டு முடிவதற்குள் வெளிப்படையாகக் கணக்குப் போடச் சொன்னது.

மறுபடி திருமங்கலம்: ஓட்டு வாங்கியவர்கள் முடிவு செய்வதில் நீதிபதி ஏன் தலையிட வேண்டும்?

பட்ஜெட் போடுவது அவர்கள் வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்ட கணக்கைக் காட்டச் சொன்னால் அது தலையீடு ஆகாது. நான் வழக்கு நடத்தினால் 3,000 கேட்க மாட்டேன். 1,200-க்கு வந்த கணக்குத் தாளைக் கேட்பேன்.

செல்லூர்: அந்தத் தாள் இருக்கிறதா சார்?

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். வருகிற பதிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

உசிலம்பட்டி: வட்டாட்சியர் ஆபீஸில் மனுவுக்கு ரசீது தர மாட்டேன் என்றால்?

ஸ்பீட் போஸ்ட்டில், பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.