பெரியவர்களுக்கு வரும் சளியும் தொண்டை வலியும்: எந்த வைரஸ், எப்போது கவலைப்பட வேண்டும்?

மூக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய மேல் சுவாசப் பாதையில் பெரியவர்களுக்கு ஏற்படும் தொற்றுகள் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும், மருத்துவர் ஒருவர் அளித்த பதில்களும்.

கேள்வி: தட்டம்மை ஒரு முறை வந்தால் மறுபடி வருவதில்லை என்கிறார்கள். சளி மட்டும் எனக்கு ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. என் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?

பதில்: அப்படி எண்ண வேண்டாம். நல்ல உடல்நலத்துடன் இருக்கும் பெரியவர்களுக்கே ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை சளி பிடிப்பது இயல்பு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது இன்னும் கூடும். தட்டம்மைக்குக் காரணம் ஒரே ஒரு வைரஸ். அது பெரிதாக மாறுவதும் இல்லை. சளியை உண்டாக்கக்கூடிய வைரஸ்களோ 200 வகைக்கு மேல் உள்ளன. அவற்றில் முதலிடம் வகிக்கும் ரைனோவைரஸில் மட்டுமே 160க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கு எதிராக உடல் பெறும் பாதுகாப்பு அடுத்த வகையைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. சளிக்கு இன்றுவரை தடுப்பூசி உருவாகாததற்கும் இதுவே முதன்மையான காரணம்.

கொரோனா வைரஸ்களின் நிலை சற்று வேறு. கோவிட் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே 229ஈ, ஓசி43, என்எல்63, எச்கேயு1 என்னும் நான்கு கொரோனா வைரஸ்கள் மனிதர்களிடையே சாதாரணச் சளியாகச் சுற்றி வருகின்றன. இவற்றுக்கு எதிரான பாதுகாப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. தன்னார்வலர்களுக்கு 229ஈ வைரஸைக் கொடுத்து, ஓராண்டு கழித்து அதையே மீண்டும் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பலருக்கு மறுபடியும் தொற்று ஏற்பட்டது. ஆகவே புது வகைகள் வருவதாலும், பழைய வகைகள் திரும்பி வருவதாலும் நமக்குச் சளி பிடித்துக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பது உண்மையா?

பதில்: வைரஸ் இல்லாமல் வெறும் ஈரத்தால் சளி பிடிக்காது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் பல பத்தாண்டுகள் இயங்கிய சளி ஆய்வு நிலையத்தில் தன்னார்வலர்களை நனைத்துக் குளிரில் நிற்க வைத்தே இதைச் சோதித்தார்கள். குளிர் மட்டும் யாருக்கும் சளியை வரவழைக்கவில்லை. இருப்பினும் குளிர்காலத்துக்கும் சளிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரைனோவைரஸ் உடலின் உள் வெப்பநிலையான 37 டிகிரியைவிட, மூக்கினுள் நிலவும் 33 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நன்றாகப் பெருகுகிறது. வறண்ட குளிர்காற்றில் ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் நீண்ட நேரம் வீரியத்துடன் இருக்கிறது. சன்னல்களை அடைத்துக்கொண்டு பலர் ஓர் அறைக்குள் இருப்பதும் பரவலுக்கு வழி செய்கிறது.

கேள்வி: நான்காம் நாள் மூக்குச்சளி பச்சை நிறமாக மாறிவிட்டது. ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டிய நேரம் இதுதானே?

பதில்: இல்லை. நான் மிகுதியாக எதிர்கொள்ளும் கேள்வி இது. தேவையற்ற மாத்திரைகள் மிகுதியாக விழுங்கப்படுவதும் இந்த நம்பிக்கையால்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வைரஸை எதிர்க்க மூக்கினுள் வந்து குவியும் வெள்ளணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் அழியும்போது சளியில் கலக்கும் அந்த நொதியே நிறத்தைத் தருகிறது. தெளிந்த நீராகத் தொடங்கி, மஞ்சளாகி, பச்சையாகி, மறுபடியும் தெளிவது சாதாரண வைரஸ் சளியின் வழக்கமான போக்கு. நிறத்தை மட்டும் பார்த்துப் பாக்டீரியா என்று முடிவு செய்ய இயலாது.

பெரியவர்களின் வைரஸ் சளியில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே பாக்டீரியா சைனஸ் தொற்று தொடர்ந்து வருகிறது. அதைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு: பத்து நாளுக்கு மேலாகியும் சற்றும் குறையாமல் இருப்பது, தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் சீழ் போன்ற சளியும் மூன்று, நான்கு நாள் ஓயாமல் நீடிப்பது, குறைந்து வந்த நோய் ஐந்தாறு நாளில் திடீரெனக் காய்ச்சலும் தலைவலியுமாகத் திரும்புவது. இம்மூன்றில் ஒன்று இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இல்லையெனில் ஆன்டிபயாடிக் உங்களுக்கு வயிற்றுப்போக்கையும் ஒவ்வாமையையும் தரக்கூடுமே ஒழிய, நோயை ஒரு நாள்கூடக் குறைக்காது.

கேள்வி: சளி, ஃப்ளூ, கோவிட் மூன்றையும் அறிகுறிகளை வைத்தே பிரித்தறிய முடியுமா?

பதில்: ஓரளவு ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ரைனோவைரஸ் சளி தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு என மெதுவாக நகரும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அரிது. இன்ஃப்ளூயன்சா ஏறக்குறைய இன்ன மணிக்குத் தொடங்கியது என்று நோயாளியே சொல்லும்படி திடீரெனத் தாக்கும். குளிர்நடுக்கம், கடும் உடல்வலி, வறட்டு இருமல், எழுந்து நடமாட முடியாத சோர்வு ஆகியவை அதன் இயல்பு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ரைனோவைரஸ் மூக்கின் உட்சவ்வைப் பெரிதாகச் சிதைப்பதில்லை. நம்மைத் துன்புறுத்துவது பெரும்பாலும் அதற்கு எதிராக உடல் சுரக்கும் வேதிப்பொருள்களே. இன்ஃப்ளூயன்சாவோ மூச்சுப்பாதையின் மேலணுக்களையே அழிக்கிறது.

கோவிட் இவ்விரண்டைப் போலவும் தோன்றலாம். மூக்கடைப்பே இல்லாமல் மணம் தெரியாமல் போவது அதன் தொடக்க ஆண்டுகளில் தெளிவான தடயமாக இருந்தது. ஓமிக்ரான் வகைகள் பரவிய பின் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே முடிவு முக்கியமாகும் இடத்தில் பரிசோதனைதான் வழி.

கேள்வி: அப்படியானால், எந்த வைரஸ் என்று அறிய எல்லோரும், வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டுமே அதைச் செய்வதில் பொருள் உண்டு என்பது என் உறுதியான கருத்து. ரைனோவைரஸா, பாராஇன்ஃப்ளூயன்சாவா என்று தெரிந்துகொண்டாலும் ஓய்வு, நீராகாரம், தேவைக்கேற்பப் பாராசிட்டமால் என்பதற்கு மேல் தருவதற்கு ஒன்றுமில்லை. அதோடு, ரைனோவைரஸின் மரபுப்பொருள் நோய் தீர்ந்த பின்பும் சில வாரங்கள் மூக்கில் தென்படலாம். எவ்வித அறிகுறியும் இல்லாதவர்களிடமும் தென்படலாம். அந்த முடிவு தெளிவைவிடக் குழப்பத்தையே தரும்.

ஃப்ளூவும் கோவிடும் விதிவிலக்குகள். ஓசெல்டாமிவிர் மருந்து ஃப்ளூவின் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தரப்பட்டால்தான் நன்கு பயன்படும்; கோவிடுக்கான வாய்வழி மருந்துகளை ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். முதியோர், கருவுற்ற பெண்கள், நீரிழிவு, இதய நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் காய்ச்சலுடன் இருமல் வந்த முதல் இரண்டு நாளிலேயே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. இரண்டு வாரமாகத் தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, அளவற்ற சோர்வு. மீதமிருந்த அமாக்சிசிலின் கொடுத்தோம். உடலெங்கும் தடிப்பு வந்துவிட்டது.

பதில்: மருந்தை உடனே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸை முதலில் நினைக்க வைக்கும் நிலை இது. இளம் வயதில் இந்தத் தொற்று ஏற்பட்டால் டான்சிலில் வெண்படலம், கழுத்தின் பின்புறம் நிணநீர்க் கணுக்களின் வீக்கம், வாரக்கணக்கில் நீளும் சோர்வு ஆகியவை வரும். இந்நோயின்போது பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எடுப்பவர்களுக்கு இத்தகைய தடிப்பு தோன்றுவது நன்கு அறியப்பட்டது; அது வாழ்நாள் பென்சிலின் ஒவ்வாமைதானா என்பதை மருத்துவர் பின்னர் ஆராய்ந்து சொல்வார். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் அனுமதிக்கும் வரை, குறைந்தது மூன்று, நான்கு வாரங்களுக்கு, மோதல் நிறைந்த விளையாட்டுகளும் பளு தூக்குதலும் வேண்டாம். வயிற்றின் இடப்பக்க மேற்பகுதியில் திடீர் வலி வந்தால் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். புதிதாக ஏற்பட்ட எச்ஐவி தொற்றும் சில வேளைகளில் இவ்வாறே தோன்றும். மருத்துவர் அந்தப் பரிசோதனையைக் கேட்டால் தயங்க வேண்டாம்.

கேள்வி: தொண்டை வலியோடு கண்ணும் சிவந்திருக்கிறது. ஏன்?

பதில்: அடினோவைரஸாக இருக்கலாம். இதற்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆகவே அத்தகைய உறையைச் சிதைக்கும் ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கை கழுவுங்கள். துண்டைப் பிறருடன் பகிராதீர்கள். பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ கண் மருத்துவரைக் காணுங்கள்.

கேள்வி: ஆர்எஸ்வி என்னும் சுவாசப் பாதை வைரஸ் குழந்தைகளுக்கு வரும் நோய் அல்லவா? நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள என் 72 வயது தந்தைக்கு அதற்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள்.

பதில்: போடச் சொன்னது சரியான ஆலோசனை. ஆர்எஸ்வி வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தொற்றும். இளையவர்களுக்குச் சாதாரணச் சளியாகக் கடந்துபோகும் அதே வைரஸ், உங்கள் தந்தை போன்றவர்களுக்கு நுரையீரல் வரை இறங்கி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். முதியோருக்கான ஆர்எஸ்வி தடுப்பூசிகள் 2023இல்தான் முதன்முதலில் ஒப்புதல் பெற்றன. அதனால் பலரும் இன்னும் கேள்விப்படாமல் இருக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவான, 2001இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட மெட்டாநியூமோ வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: சளி போய்விட்டது; இருமல் மூன்றாம் வாரமாக நீடிக்கிறது.

பதில்: படிப்படியாகக் குறைந்து வருகிறது என்றால் பொறுத்திருக்கலாம். ஒரு வாரத்தில் இருமல் நின்றுவிட வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் சராசரியாக இரண்டரை வாரம் வரை நீள்கிறது. இரத்தம் கலந்த சளி, மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, எடை குறைதல், மாலைநேரக் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: வைட்டமின் சி பயன்படுமா?

பதில்: சளி வந்த பிறகு தொடங்கினால் பயன் தெரிவதில்லை. நாள்தோறும் எடுத்துவருபவர்களுக்குச் சளியின் காலம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. அதாவது ஒரு வாரச் சளியில் ஏறத்தாழ அரை நாள்.

கேள்வி: மூக்கடைப்புக்கான ஸ்ப்ரேயைப் பத்து நாளாகப் பயன்படுத்துகிறேன், நிறுத்தினால் முன்பைவிட அடைக்கிறது.

பதில்: இப்போது மூக்கை அடைப்பது பெரும்பாலும் அந்த மருந்தேதான். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவற்றை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வீரியம் இறங்கும்போதெல்லாம் இரத்தக் குழாய்கள் மேலும் விரிந்து மூக்கை அடைத்துவிடும். முதலில் ஒரு மூக்குத் துவாரத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள்; உப்புநீர் ஸ்ப்ரே துணைபுரியும். ஒரு வாரத்தில் சரியாகவில்லையெனில், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து தேவையா என்று காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் கேளுங்கள்.