வரப்பில் வெள்ளை இறக்கையும் பழுப்பு இறகுகளும் கிடக்கின்றன. செத்தது என்ன பறவை?

மன்னார்குடிப் பக்கம் ஒரு வரப்பில் இரண்டு வெள்ளை இறக்கைகள், பழுப்புக் கோடு போட்ட கழுத்து இறகுகள் ஒரு கொத்து, கூரிய நீண்ட அலகு, ஒரு கால் ஆகியவை கிடந்ததாகச் சொல்கிறீர்கள். கொக்கும் இன்னொரு பறவையும் சேர்ந்து செத்தனவா என்பது உங்கள் கேள்வி. ஒரே பறவைதான், பெரும்பாலும் மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள்.

வாய்க்கால் கரையில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருக்கும் மடையான் சேற்று நிறத்தில்தான் தெரியும். ஆள் நெருங்கியதும் எழுந்து பறக்கும் அந்த நொடியில்தான் இறக்கையின் வெள்ளை பளிச்சென்று வெளிப்படும். இறங்கி மூடிக்கொண்டால் மறுபடி காணாமல் போய்விடும். எனவே வருடக்கணக்கில் வயலில் அதைப் பார்த்தவர்கள்கூட, செத்துச் சிதறிய பிறகு வெள்ளையும் பழுப்பும் தனித்தனியாகக் கிடப்பதைக் கண்டு இரண்டு பறவை என்று நினைத்துவிடுகிறார்கள்.

உறுதிசெய்ய வேண்டுமானால் அந்தக் காலைக் குச்சியால் திருப்பி, நடுவிரல் நகத்தின் உள் ஓரத்தைப் பாருங்கள். அங்கே சீப்பின் பற்கள் போல நுண்ணிய வெட்டுகள் வரிசையாக இருக்கும். இறகு கோதுவதற்கான அமைப்பு அது. கொக்குக் குடும்பத்துக்கு உண்டு, நத்தைகுத்தி நாரைக்குக் கிடையாது. கூகைக்கும் உண்டு என்றாலும், அதன் அலகு வளைந்து குட்டையாக இருக்கும் என்பதால் குழப்பம் வராது. கைப்பேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் பற்கள் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அளவு தெரியாத இறகுப் படத்தை வைத்துக்கொண்டு எந்தப் பறவை ஆர்வலரும் துணிந்து பெயர் சொல்ல மாட்டார்.

இறக்கையோடு உடல் இறகுகளும் வெள்ளையாகவே இருந்தால் வேறு கதை. உண்ணிக்கொக்கின் அலகு தடித்துக் குட்டையாக, மஞ்சளாக இருக்கும். சின்னக்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆனால் செத்த பறவையின் அலகிலும் காலிலும் நிறம் விரைவில் மங்கிவிடும். வெயிலில் கிடந்த கால் மஞ்சளா பச்சையா என்று வாதாடுவது வீண் வேலை. வடிவத்தை நம்புங்கள், நிறத்தைக் கடைசியில் பாருங்கள். வளர்ந்த நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும், இறக்கையின் பெரிய இறகுகள் கறுப்பு. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நீர்க்காகம் என்றால் அலகு நுனி கொக்கியாக வளைந்திருக்கும், நான்கு விரல்களும் ஒரே சவ்வில் சேர்ந்திருக்கும்.

எது கொன்றது என்பதற்கு இறகின் காம்பு சாட்சி. வல்லூறு போன்ற வேட்டைப் பறவை இறகைப் பிடுங்கி எறியும். காம்பு அடிவரை முழுசாக இருக்கும். நாயோ நரியோ கடித்தால் காம்பு நசுங்கி அறுந்திருக்கும். கால் கத்தியால் சீராக வெட்டப்பட்டிருந்தால் அது மனித வேலை. கொக்கையும் மடையானையும் இறைச்சிக்காகப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பது தெரிந்தும் இன்னும் ஓயவில்லை. அப்படித் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெறுங்கையால் எதையும் தொட வேண்டாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் பறவைக் காய்ச்சலாகவோ விஷமாகவோ இருக்கலாம்; ஆராய்ச்சியை விட்டுவிட்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுங்கள். மண்டையோடு அழகாக இருக்கிறது என்று வீட்டு அலமாரிக்கு எடுத்துப் போகவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்துக் கிடக்கும் காட்டுயிரும் அரசின் சொத்து.

காலில் உலோக வளையம் இருந்தால் மட்டும் விஷயம் பெரிது. கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் நடமாட்டத்தை அறிய நெடுங்காலமாக அவற்றின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி வந்திருக்கிறது. வெளிநாட்டு வளையத்தோடு வலசை வரும் பறவைகளும் உண்டு. வளையத்தில் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒன்று விடாமல் படமெடுத்து, கிடைத்த இடம், தேதியோடு அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள்.