புகையும் பிரஷரும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பிரஷர் உள்ளவர்களுக்குக் காற்று மாசால் இருதயத்துக்கு என்ன ஆகும் என்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஈரோட்டுப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மாத்திரையை மாற்றுவதும் கூட்டிக் குறைப்பதும் உங்களை நேரில் பார்க்கிற டாக்டர் வேலை, அதை மட்டும் இங்கே கேட்காதீர்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங்: ஏனுங்க டாக்டர், புகை மூச்சுக்கும் சளிக்கும்தானுங்க ஆகாது? நடுவில் இருதயம் எங்கிருந்து வந்துச்சுங்க?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். வில்லங்கம் பிஎம் 2.5 என்கிற நுண்தூளில்தான் இருக்கிறது. தலைமுடியின் கனத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். லாரிப் புகை, பாய்லர் புகை, குப்பை எரிக்கிற புகை எல்லாவற்றிலும் இது உண்டு. நுரையீரலின் கடைசி அறை வரை போய் அழற்சியைக் கிளப்பும், அது ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கிற தன்மை குறையும். நரம்புகள் முடுக்கப்பட்டுக் குழாய் சுருங்கும். ரத்தம் சீக்கிரம் உறையப் பார்க்கும்.

பிரஷர்காரருக்குக் குழாய்ச் சுவர் ஏற்கெனவே தடித்து விறைத்துப் போயிருக்கும், உள்ளே கொழுப்பும் படிந்திருக்கலாம். உப்புத்தண்ணீர் பாய்ந்து அடைபட்ட சொட்டுநீர் பைப்பில் மோட்டார் வேகத்தையும் கூட்டினால் என்ன ஆகும் என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிந்த கொழுப்பு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகிற குழாய் அடைபட்டால் பக்கவாதம். வெளிக்காற்று மாசால் 2019இல் உலகம் முழுக்கச் சுமார் 42 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

கோபி: மாசு கூடினால் பிரஷர் எவ்வளவுங்க ஏறும்?

கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால், சில நாட்களுக்குள் மேல் அளவு ஒன்றிலிருந்து மூன்று வரை ஏறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரிய ஏற்றம் இல்லைதான். ஆனால் 130இல் இருக்கிறவருக்கு மூன்று ஏறுவதும், மாத்திரையை விட்டுவிட்டு 170இல் நடமாடுகிறவருக்கு மூன்று ஏறுவதும் ஒன்றாகாது. புகையைப் பற்றிக் கவலைப்படுகிற பலர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களாக இருப்பதைப் பார்க்கிறேன். வரிசை தலைகீழாக இருக்கிறது.

கோவை, ஓய்வு பெற்ற ஆசிரியை: செல்போனில் காற்றுத் தரம் 80 என்று பச்சையில் காட்டுகிறது. நல்ல காற்றுதானே?

சுமாரான காற்று, டீச்சர். நம் நாட்டுக் குறியீட்டில் 51 முதல் 100 வரை 'திருப்தி' என்று இளம்பச்சையில் வரும். அந்த 80 பிஎம் 2.5ஆல் வந்ததாக இருந்தால், காற்றில் கனமீட்டருக்கு 48 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது என்று அர்த்தம். நம் நாட்டு வரம்பு ஒரு நாளைக்கு 60, அதனால் பாஸ். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15, அந்தக் கணக்கில் மூன்று மடங்கு. இன்னொன்று, அந்த எண் அளவுக் கருவி இருக்கிற இடத்து எண். உங்கள் தெரு முனையில் குப்பையைக் கொளுத்தினால் அதற்குத் தெரியாது. அமெரிக்கக் கணக்கைக் காட்டுகிற ஆப்களில் அதே காற்றுக்கு வேறு எண் வரும், இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

கோவை, ராமநாதபுரம்: விடியக்காலை அஞ்சு மணிக்கு மெயின் ரோட்டு ஓரமா வாக்கிங் போறனுங்க. நிறுத்திடட்டுங்களா?

நடையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பாதையையும் நேரத்தையும் மாற்றுங்கள். லண்டனில் 60 வயது தாண்டியவர்களை ஒருநாள் ஹைட் பார்க்கிலும், இன்னொரு நாள் டீசல் பஸ்களும் டாக்சிகளும் ஓடுகிற ஆக்ஸ்போர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பூங்காவில் நடந்தபோது ரத்தக்குழாயின் விறைப்பு குறைந்தது. பஸ் தெருவில் அந்தப் பலன் பெரும்பாலும் போய்விட்டது. இருதய மாத்திரைகளை ஒழுங்காக எடுத்து வந்தவர்களுக்குக் கெடுதல் குறைவாகத் தெரிந்தது என்பதையும் கவனியுங்கள்.

அதனால் மெயின் ரோட்டிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் உள்ளே தள்ளி நடங்கள். மார்கழி, தை மாதங்களில் விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்து, புகையை மேலே போகவிடாது. வெயில் ஏறிய பிறகு போங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற காற்றில் இந்தக் கவலை குறைவு, எந்நேரமும் நடக்கலாம். கண்ணில் மண் விழும் என்பதுதான் தொந்தரவு.

பல்லடம், ஓ.இ. நூல் மில் வேலை: வார லீவு முடிஞ்சு போற அன்னிக்கு நெஞ்சை இறுக்குதுங்க. அடுத்த நாள் பரவால்லை. பிரஷரும் இருக்குதுங்க. இது ஹார்ட்டா, பஞ்சுங்களா?

லீவு முடிந்து மில்லுக்குள் போகிற முதல் நாள் மட்டும் இறுக்கம், இருமல், மூச்சுத்திணறல் வந்து பிறகு தணிவது பஞ்சு தூசி நோயின் அடையாளம். பஞ்சை உதறிச் சீவுகிற பிளோ ரூம், கார்டிங் பக்கம் நிற்பவர்களுக்கு அதிகம் வரும். இருதய வலி கிழமை பார்க்காது. மாடி ஏறினால், மூட்டை தூக்கினால், வேகமாக நடந்தால் வரும், உட்கார்ந்தால் சில நிமிடத்தில் தணியும். ஆனால் உங்களுக்குப் பிரஷரும் இருப்பதால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இந்த வாரமே இ.சி.ஜி. எடுங்கள், நுரையீரல் ஊதும் பரிசோதனையும் செய்யுங்கள். எந்த டிபார்ட்மென்ட்டில் நிற்கிறீர்கள், இறுக்கம் எந்த நாளில் வருகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அதே ஊர்: மில்லில் வெல்லம் தின்னா தூசி இறங்கிடும்னு சொல்றாங்களே?

வெல்லம் வயிற்றுக்குப் போகும், தூசி நுரையீரலில் இருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இதனால் நஷ்டம்தான்.

வெள்ளகோவில்: வீட்டுக்குப் பக்கத்தில் தேங்காய்த் தொட்டிக்கரி சுடுற ஆலைங்க. ராத்திரியில் புகை வருது. என்ன பண்றதுங்க?

புகை வருகிற நேரம் அந்தத் திசை ஜன்னலைச் சாத்தி, மற்ற நேரம் நன்றாகத் திறந்து வையுங்கள். தேதி, நேரம், காற்றடித்த திசையைக் குறித்து வைத்து, ஊரில் நாலு வீட்டார் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். தனியாளாகப் போய் வாயால் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். வீட்டில் பிரஷர், சர்க்கரை, பழைய மாரடைப்பு உள்ளவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஊத்துக்குளி, மருமகள்: அத்தைக்கு 64 வயசுங்க, பிரஷர் மாத்திரை போடறாங்க. கேஸ் இருந்தும் தண்ணி காய வைக்க வாசல் அடுப்புதான் வேணுங்கறாங்க. பத்த வைக்க பனியன் கட்டிங் வேஸ்ட் போடறாங்க. இரவு கொசுவத்தியும் வேணும்.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி அம்மிணி. வானத்துப் புகையைவிட இதுதான் முக்கியம். அடுப்புக்கு எதிரே குனிந்து ஊதுகிறவரின் மூக்குக்குப் போகிற புகை, அவிநாசி ரோட்டில் நிற்கிறவருக்குக்கூடப் போகாது. பனியன் துணியில் பாலியஸ்டரும் சாயமும் இருக்கும், மட்டை புகையைவிட மோசம். முதலில் அதை நிறுத்துங்கள். அப்புறம் வெந்நீருக்கு ஹீட்டர் பாருங்கள். அத்தை விடமாட்டார் என்றால், காய்ந்த மட்டையை மட்டும் போட்டு, காற்று அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். ஊதாங்குழலைப் பேரனிடம் கொடுக்காதீர்கள்.

கொசுவத்தி பற்றி 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்தூள் வரும் என்று அளந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அதோடு தூங்குவது வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

கரூர், பஸ் டிரைவர்: கர்ச்சீப் கட்டினா போதுங்களா?

போதாது அண்ணா. பெரிய தூசி நிற்கும், நுண்தூள் போய்விடும். முகத்தில் இடைவெளி இல்லாமல் பதிகிற என்95 வேண்டும். பெய்ஜிங்கில் இருதய நோயாளிகளை நல்ல மாஸ்க் போட்டும் போடாமலும் நடக்க வைத்துப் பார்த்ததில், போட்டபோது ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. தாடி இருந்தால் மாஸ்க் பதியாது.

நாமக்கல்: தூசிச் சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவனுங்க. பிரஷருக்கு ஒன்னும் ஆகாதுங்களே?

ஆகும். மூக்கடைப்பைத் திறக்கிற பல சளி மாத்திரைகளில் பினைல்எப்ரின் இருக்கும், அது ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து. உடம்பு வலிக்கு அடிக்கடி போடுகிற டைக்ளோபினாக் போன்றவையும் பிரஷரை ஏற்றும். கடையில் முதல் வார்த்தையாக "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்புறம் சளி என்று சொல்லுங்கள்.

காங்கேயம்: புகையில் நின்ன அன்னிக்கு நெஞ்சில் பாரம், வேர்வை. சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாச்சுங்க. கேஸ்தானுங்களே?

ஏப்பம் வந்தது கேஸ் என்பதற்குச் சாட்சி இல்லை. மாரடைப்பிலும் ஏப்பம் வரும். இன்றைக்கே போய் இ.சி.ஜி. எடுங்கள். அடுத்த முறை பாரம், வேர்வை, இடது கை அல்லது தாடை வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு எது வந்தாலும் சோடாக்கடைக்குப் போகாமல் 108க்குக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஈரோடு: காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் வாங்கலாங்களா?

நுண்தூளையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள மெஷின், கதவு சாத்திய படுக்கையறையில் பலன் தரும். ஓசோன் விடுகிற மெஷின் வேண்டாம். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், மேல் கையில் கட்டுகிற பிரஷர் மெஷினை வாங்குங்கள். காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, முதுகு சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் தொடர்ந்து வந்தால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.