தையல் கிட்டில் நூல் பத்தவில்லை, யாரைக் கேட்பது?

கேள்வி: ஆன்லைனில் மயில் படம் போட்ட கிராஸ் ஸ்டிட்ச் (கட்டம் கட்டமாகப் பெருக்கல் குறி போலத் தைக்கும் எம்பிராய்டரி) கிட் வாங்கினேன். பாதித் தோகையிலேயே நீல நூல் தீரப்போகிறது, இரண்டு முழம்தான் மிச்சம். நான் வீணாக்கிவிட்டேன் என்கிறார் விற்றவர். – வாசகி, மதுரை

பதில்: படத்தை முடிக்கத் தேவையானது எல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொல்லித்தானே கிட் விற்கிறார்கள்? குறிப்பில் சொன்னபடி இரண்டு இழை கோத்துத் தைத்தும் பத்தவில்லையென்றால் குறை உங்களுடையது அல்ல. தைத்த பகுதியையும் மீதிக் கட்டங்களையும் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

அந்த இரண்டு முழத்தைத் தீர்த்துவிடாதீர்கள். புது நூல் வேறு தடவை சாயம் போட்டதாக இருந்தால் நிறம் கொஞ்சம் மாறும். பழையதில் ஓர் இழை, புதியதில் ஓர் இழை சேர்த்துக் கோத்து நடுவில் சில வரிசை தைத்தால் மாற்றம் கண்ணில் படாது.

கேள்வி: 14 கவுண்ட் ஐடா துணிக்கு (அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் தையல் துணி) பதில் 18 கவுண்ட் வெட்டி வாங்கிவிட்டேன். படம் சின்னதாக வருகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். – சேலம்

பதில்: கேட்டதைத்தான் வெட்டிக் கொடுத்தார், அவர் மேல் தப்பில்லை. 140 கட்டம் 14 கவுண்டில் 10 அங்குலம், 18-ல் 8 அங்குலம்கூட வராது. கத்தரி வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு இது.

கேள்வி: சார்ட்டில் (பார்த்துத் தைக்கும் கட்டப் படம்) டிஎம்சி கம்பெனி நூலில் 32 நிறங்கள் கேட்கிறார்கள். என்னிடம் ஆங்கர் கம்பெனி நூல் மிச்சம் மீதி ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா? – திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். டிஎம்சி 310 கருப்பு என்றால் ஆங்கரில் அது 403. இப்படி நம்பருக்கு நம்பர் அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது. சில நிறங்கள் கிட்டத்தட்டத்தான் பொருந்தும், அது போதும்.

அட்டவணையில் இல்லாததற்கு நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சம், நிழலைப் பாருங்கள். ரோஜாவுக்கு ஐந்து சிவப்பு கேட்டால், உங்களிடமுள்ள ஆரஞ்சு நூல்களை வரிசையாக வைத்துக் கருப்பு வெள்ளையில் படமெடுங்கள். வெளுப்பிலிருந்து அடர்த்திக்குப் படிப்படியாக இறங்கினால் தைரியமாகத் தையுங்கள். பூ ஆரஞ்சாக இருக்கும், ஆனால் இதழ் மடிப்பு அப்படியே தெரியும். முகம் தைக்கும்போது மட்டும் நிறத்தை மாற்றாதீர்கள், அந்த நிறங்களை வாங்கிவிடுங்கள். பின்னணிக்குத்தான் நூல் அதிகம் போகும். ஓர் அங்குலச் சதுரம் தைத்து எவ்வளவு போனது என்று அளந்து, மொத்தப் பரப்பால் பெருக்குங்கள். ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. கணக்கு இடித்தால் பின்னணி நிறத்தை மாற்றுங்கள்.

கேள்வி: மலிவாக 100 கலர் நூல் செட் வாங்கினேன். தைத்த மேஜை விரிப்பை நனைத்ததும் சிவப்பு ஓடிவிட்டது. – புதுச்சேரி

பதில்: முதலில் விரிப்பு. காய விடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். தண்ணீர் தெளியும்வரை பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள்.

இந்த நூல் செட்டுகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். நானும் ஒன்று வாங்கி, பாதி தைத்த தலையணை உறையோடு மாட்டிக்கொண்டேன். பச்சை தீர்ந்தது, அதே பச்சையை எங்கே போய்க் கேட்பது? நூல் கட்டின் மேல் நிற நம்பரே கிடையாது. ஷேட் நம்பர் இருந்தால் எந்த ஊரிலும் அதே நூலைக் கேட்டு வாங்கலாம். நம்பர் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாததைத் தொடாதீர்கள். அடர் நிற நூல் எதுவானாலும், ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாங்கியதும் காகிதப் பட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு “இது என்ன நம்பர்?” என்று எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு: திரையில் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: கேன்வாஸில் தைக்க வாங்கிய கம்பளி நூலைப் பிரித்தால், உள்ளே பூச்சி அரித்திருக்கிறது. “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று பில்லில் இருக்கிறதே? – கோவை

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லையும் நூலையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.